கடலுக்குள் ஒரு மைக்

மைக் முன்னால் உட்கார்ந்து பேசுவதுதான் என் பிழைப்பு. அதில் ஒரு துளி தண்ணீர் பட்டாலும் எங்கள் ஒலிப்பதிவாளர் முறைப்பார். அப்படியிருக்க, மாதக்கணக்கில் கடலுக்குள்ளேயே கிடக்கும் மைக்கும் உண்டு என்று ஒரு நிகழ்ச்சிக்காகப் படித்தபோது ஆச்சரியப்பட்டேன். அதன் பெயர் ஹைட்ரோஃபோன். திமிங்கலத்தின் குரல், கடலடி எரிமலையின் உறுமல், கப்பல் இரைச்சல் எல்லாம் அதன் காதில் விழும்.

அந்தக் காது பெரும்பாலும் ஒரு வகைப் பீங்கான். ஒலியின் அழுத்தம் பட்டதும் அதில் சிறு மின்சாரம் பிறக்கும். உப்புநீர் புகுந்தால் கதை முடிந்தது. தடித்த இரும்புப் பெட்டியில் அடைத்தால் ஒலி தடைபடும். அதனால்தான் ரப்பர் உறை. சரியாகத் தயாரித்த ரப்பருக்குள் ஒலி, தண்ணீரில் போவதுபோலவே தடையின்றிப் போகும்.

சிக்கல் சூட்டில்தான். பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். தொழிற்சாலைகளில் இதற்கு 140, 160 டிகிரி செல்சியஸ் வரை சூடு வைப்பார்கள். அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் பசையும் கேபிள் உறையும் கெடலாம். அளவு மீறினால் பீங்கானும் உணர்திறனை இழக்கும். சட்டை போடப் போய்க் காதைச் செவிடாக்கிய கதை!

வழி, குறைந்த சூட்டில் நிதானமாகப் பதப்படுத்துவது. வீரியமான வேகமூட்டிகளைச் சேர்த்தால் 100 டிகிரியிலோ அதற்குக் கீழோ வேலை முடியும், நேரம்தான் கூடும். ஆனால் அவை அச்சில் ஊற்றுவதற்கு முன்பே ரப்பரை இறுக்கிவிடலாம். அதனால் கந்தகத்தை ஒரு கலவையிலும் வேகமூட்டியைக் மற்றொன்றிலும் வைத்து, கடைசியில் ஒன்றாக்குவதும் உண்டு.

ஒரே ரப்பர் எல்லாவற்றுக்கும் போதாது. நம் இயற்கை ரப்பருக்கு வலுவும் இழுவையும் உண்டு. எண்ணெயும் வெயிலும் ஆகாது. அவற்றைத் தாங்கும் நியோப்ரீனை அதனுடன் கலக்கிறார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் பதப்படாது. ஒன்று வெந்து ஒன்று வேகாமல் நின்றால் உறை பலவீனப்படும்.

இதை என் பாட்டியிடம் சொன்னேன். பேராக்கில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். பேட்டி கேட்டபோதெல்லாம், "கூலி வேலை செஞ்ச சனம் நாங்க, ரேடியோவுல சொல்ல என்ன இருக்கு?" என்று மறுத்தவர். இம்முறை முழுவதும் கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதத்தானம்மா நாங்களும் பார்த்தோம். உளி ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். மேலாக்க வெட்டுனா மங்குல பால் விழாது. அளவு கையில இருக்கணும்."

"இதையே ரேடியோவில் சொல்லுங்களேன், பாட்டி."

கொஞ்ச நேரம் யோசித்தார். "எந்தச் சேலை கட்டிக்கிறது?" என்றார்.

ரேடியோவில் சேலை தெரியாது என்று நான் சொல்லவில்லை. வரும் சனிக்கிழமை அவரை நிலையத்துக்கு அழைத்துப் போகிறேன்.