தெற்கே கடல்: குருநகரில் வீடு கட்டுவோர் கேட்க வேண்டிய கேள்விகள்

குருநகரின் தெற்கே கிடப்பது யாழ்ப்பாணக் கடனீரேரி. அதை இடம் மாற்ற எவராலும் ஆகாது. ஆனால் இங்கே வீடு கட்டப் புறப்படும் குடும்பத்தின் காதில் விழும் ஆலோசனைகளில் ஒன்று, தெற்கே நீர் இருந்தால் அந்த மனைக்குத் தோஷம் என்கிறது. மனையடி சாஸ்திரக் கையேடுகளின் வழியில் வந்த பேச்சு இது. சீனத்திலிருந்து வந்த ஃபெங் சுயியோ வீட்டின் முகம் தெற்கே திரும்பட்டும், முன்னால் நீர் விரியட்டும், முதுகுப்புறம் வடக்கே மேடு காக்கட்டும் என்கிறது. முதலாவதை நம்பினால் கடற்கரை வீதியோர வீடுகள் எல்லாம் தோஷ வீடுகள். இரண்டாவதை நம்பினால் அத்தனையும் யோக வீடுகள்.

இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. ஆனால் இரண்டுக்கும் பின்னால் ஒரு நிலமும் அதன் வானிலையும் இருக்கின்றன. பீஜிங் ஏறத்தாழ 40 பாகை வடக்கே உள்ளது. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து எலும்பைத் துளைக்கும் குளிர்காற்று வரும். சூரியனோ தெற்கே தாழ்ந்து ஓடும். அந்த ஊரில் வடக்கை அடைத்துத் தெற்கைத் திறப்பவன் விறகை மிச்சம் பிடிப்பான். குருநகரில் வீட்டைச் சூடேற்ற வேண்டிய நாள் ஒன்றுகூட இல்லை. அங்கே சூட்டுக்காகச் சொன்ன திசையை, இங்கே காரணத்தை விட்டுவிட்டு எடுத்துக்கொண்டால் அதன் விலை மின்பட்டியலில்தான் தெரியும்.

முதலில் வெயிலின் கணக்கைப் பார்க்கலாம். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. ஏப்ரல் நடுப்பகுதியில் ஒரு தடவையும் ஓகஸ்ட் கடைசியில் மறுதடவையும் நண்பகற் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். இவற்றில் முதலாவதைத்தான் சித்திரைப் புத்தாண்டையொட்டி வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் அறிவிக்கும். இடைப்பட்ட நான்கரை மாதம் நண்பகல் வெயில் வடக்குப் பக்கமாகச் சாயும், மிச்சக் காலம் தெற்குப் பக்கமாகச் சாயும். சாய்வு அதிகமில்லை. கூரையின் தாவாரம் 2 அடி வெளியே நீண்டிருந்தால் ஜூன் 21 நண்பகலில் வடக்குச் சுவரில் ஏறத்தாழ 8 அடி ஆழத்துக்கு நிழல் விழும். டிசெம்பர் 21இல் தெற்குச் சுவரில் 3 அடி. ஆகவே இந்த இரு சுவர்களையும் தாவாரமே காத்துவிடும். கிழக்கும் மேற்கும் அப்படியல்ல. காலையிலும் பின்னேரத்திலும் சூரியன் தாழ நின்று சுடுவதால் சாதாரணத் தாவாரத்துக்கு அது அடங்காது. வீட்டைக் கிழக்கு மேற்காக நீட்டி, குறுகிய பக்கங்களைக் கிழக்குக்கும் மேற்குக்கும் கொடுப்பதே இந்த மண்ணுக்குரிய முதல் விதி.

அடுத்தது காற்று. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து ஏரித் தண்ணீரின் மேலாக வரும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். கடற்றொழிலுக்குப் போகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அவர்களுடைய வீடுகளின் படத்தில் மட்டும் இந்த அறிவு ஏனோ ஏறுவதில்லை.

கன்னி மூலை என்று சொல்லப்படும் தென்மேற்கு உயர்ந்து, கனத்து, அடைபட்டு இருக்க வேண்டும், குடும்பத் தலைவரின் படுக்கையறை அங்கேதான் அமைய வேண்டும் என்பது பரவலான வாஸ்து விதி. குருநகரில் சோளகம் நுழைய வேண்டிய பக்கமே அது. பின்னேர வெயில் பிடிக்கும் பக்கமும் அதுவே. சீமெந்துக் கல்லுச் சுவர் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் அறைக்குள் விடும். யன்னலையும் அடைத்துவிட்டால் அந்த அறையில் படுப்பவர் ஏசியைத் தேடுவது வியப்பல்ல. 70 வாற்று மின்விசிறி இரவுக்கு 8 மணி நேரம் சுழன்றால் மாதத்துக்கு 17 அலகு ஆகும். சராசரி 600 வாற்று இழுக்கும் ஒரு ஏசி அதே நேரத்துக்கு 144 அலகு எடுக்கும். இலங்கையின் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60 அலகைத் தாண்டியதும் முதல் அலகு தொடங்கியே விலை மாறிவிடும். ஓர் அறையின் மூடிய மூலை முழு வீட்டின் கட்டணத்தையும் மேல்படிக்குத் தள்ளிவிடும்.

விதியைக் கைவிட மனம் வராதவர்களுக்கும் வழி உண்டு. அறை தென்மேற்கிலேயே இருக்கட்டும். மேற்குச் சுவரோடு அலுமாரியோ குளியலறையோ மாடிப்படியோ வந்தால் அந்தச் சூடு படுக்கையை எட்டாது. தெற்குச் சுவரில் கட்டில் மட்டத்துக்கு ஒரு யன்னலும், காற்று வெளியேற எதிர்ப்பக்கத்தில் உயரத்தில் ஒரு திறப்பும் இருந்தால் போதும். நுழைய வாசல் வைத்து வெளியேற வாசல் வைக்காத அறையில் காற்று ஓடாது. வழுக்கும் அலுமினிய யன்னலில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும் என்பதையும் விலை பேசும்போதே நினைவில் வைக்க வேண்டும். கீலில் முழுதாகத் திறக்கும் மரக்கதவு யன்னல் அதே அளவில் இரட்டிப்புக் காற்றைத் தரும்.

சாஸ்திரம் சொல்வது எல்லாம் வீண் என்று தள்ளுவதும் நியாயமில்லை. அக்கினி மூலையான தென்கிழக்கில் குசினி என்ற விதியைச் சோளகக் காலத்தில் சோதித்தால், புகையும் வெக்கையும் வீட்டுக்குள் திரும்பாமல் கிழக்குப் பக்கமாக வெளியேறுவதைக் காணலாம். வாடைக் காலத்தில் அந்தச் சாதகம் குறையும். மனையின் நடுவே பிரம்மஸ்தானத்தைத் திறந்து விடு என்ற விதிதான் எல்லாவற்றிலும் மதிப்பானது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு அதைத்தான் நடு முற்றமாகச் செய்து காட்டியது. சூடான காற்று முற்றத்தால் மேலே ஏற, சுற்றியுள்ள அறைகளுக்குள் வெளிக்காற்று இழுபடும். வெளிச்சத்துக்குப் பகலில் மின்குமிழ் போடத் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் வீட்டுப் படங்களில் முதலில் வெட்டப்படுவதும் இந்த முற்றம்தான். இது பெரிய நட்டம்.

காணி சிறியது, முற்றத்துக்கு இடமில்லை என்பது வழக்கமான மறுமொழி. கொழும்பில் எனா டி சில்வாவுக்காகக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960 முதல் 1962 வரை கட்டிய வீடு நகரத்துக் காணி ஒன்றில், வெளியே மதிலும் உள்ளே முற்றமுமாக எழுந்தது. அதன் அருமை கருதியே 2009இல் காணி கைமாறியபோது அந்த வீட்டைக் கல் கல்லாகக் கழற்றிக்கொண்டு போய் பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் மீண்டும் நிறுவினார்கள். குருநகரின் ஒடுங்கிய காணியில் 6 அடிக்கு 6 அடி வான்திறப்பு ஒன்று விட்டாலே நடு அறைகள் மூச்சு விடும். எல்லையோடு ஒட்டிய சுவரில் யன்னல் திறக்கத் திட்டமிடல் விதிகள் இடமளிப்பதில்லை என்பதால், நெருக்கமான ஒழுங்கைகளில் இதைவிட நல்ல வழி இல்லை.

சூரியன் உச்சியில் நிற்கும் ஊரில் சூட்டின் பெரும்பங்கு கூரை வழியேதான் இறங்கும். வாசல் எந்தத் திசை என்று மாதக்கணக்கில் யோசிக்கும் குடும்பங்கள் கூரையைப் பற்றி ஒரு பின்னேரம்கூடப் பேசுவதில்லை. பிளேற் போட்டால் அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ வேண்டும். ஓடு போட்டால் சீலிங்குக்கும் ஓட்டுக்கும் இடையே காற்று போய்வர வழி வேண்டும். அஸ்பெஸ்டஸ் சீற் மலிவுதான். ஆனால் அதை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் பறக்கும் இழைத்தூசி புற்றுநோயைத் தரக்கூடியது. எந்த வகை அஸ்பெஸ்டஸும் இதற்கு விலக்கல்ல என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

ஃபெங் சுயியையும் பொறியியலையும் ஒன்றாக வைத்துக் கட்டிய பெயர்பெற்ற கட்டடம் ஹொங்கொங்கில் இருக்கிறது. நோர்மன் ஃபொஸ்டர் வடிவமைத்து 1985இல் முடிந்த எச்.எஸ்.பி.சி வங்கித் தலைமையகம் அது. ஃபெங் சுயி ஆலோசனையும் கேட்டார்கள். ஆனால் வெளிச்சத்தை உள்ளே கொண்டுவந்தது சூரியனைப் பின்தொடரும் கண்ணாடித் தொகுதி; குளிரூட்டலுக்கு உதவியது சுரங்கவழியே வரும் கடல்நீர். ஆலோசனை கேட்டவர்கள் அளவையும் எடுத்தார்கள்.

இனி உரிமையும் ஆபத்தும். யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் வீடு கட்ட மாநகர சபையின் அனுமதி வேண்டும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் இதற்கு அடிப்படை. அனுமதி கிடைத்த பிறகு வாஸ்து பார்ப்பவர் வந்து, வாசலை மாற்று, மாடிப்படியைத் திருப்பு, மூலையை நீட்டு என்றால், மாற்றிய படத்தைச் சபைக்குக் கொடுத்து மறுபடி அனுமதி பெற்ற பின்னரே கை வைக்க வேண்டும். அனுமதிக்கு மாறாக எழுந்த பகுதியை இடிக்க நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை கேட்கும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. கட்டடம் அனுமதித்தபடி எழுந்தது என்ற சான்றிதழ் கிடைக்காவிட்டால் பிறகு வங்கிக் கடனும் விற்பனையும் சிக்கும். அப்போது நட்டம் வீட்டுக்காரருக்கே. ஆலோசகர் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைத்திருக்க மாட்டார்.

கரையோரக் காணிக்கு இன்னொரு கதவும் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்நாட்டுப் பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயத்துக்குள் கொண்டுவருகிறது. கடலோடு தொடர்புள்ள கடனீரேரிகளுக்கும் தனி வரம்பு வகுத்திருக்கிறது. காணி வாங்கும் முன்னரே கரையோரம் பேணல் திணைக்களத்தில் விசாரிப்பது செலவில்லாத காப்பு.

கோணலான மனையைச் சதுரமாக்கு என்ற சொல்லைக் கேட்டு அயற்காணியில் ஒரு துண்டு வாங்கப் போகிறவர்கள் வடபகுதியின் வழமைச் சட்டமான தேசவழமையையும் நினைக்க வேண்டும். அந்தக் காணிக்குப் பங்காளிகள் இருந்தால் அவர்களுக்கு முன்வாங்கல் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் சட்டப்படி அவர்களுக்கு உரிய அறிவித்தல் கொடுக்காமல் எழுதிய உறுதி வழக்கில் முடியலாம்.

உயிராபத்தான விடயங்களும் இதில் இருக்கின்றன. கன்னி மூலைதான் உயர வேண்டும் என்று, முன்னரே போட்ட பிளேற்றின் மூலையில் 1,000 லீற்றர் தாங்கியை ஏற்றினால் அங்கே ஒரு தொன் பாரம் நிரந்தரமாக உட்காரும். கீழே அதற்கான தூணும் வளையும் இருக்கின்றனவா என்று பொறியியலாளர் பார்க்காமல் ஏற்றக் கூடாது. வாசலை நகர்த்தத் தூணை வெட்டுவதும் அப்படியே. உப்புக்காற்று ஊரில் கொங்கிறீற்று வெட்டுப்பட்டுக் கம்பி வெளியே தெரிந்தால் துரு விரைவில் பிடிக்கும். கம்பிக் குவியலின் அருகே நின்று கைப்பேசித் திசைகாட்டியில் பார்த்த திசையே தவறாக இருக்கும் என்பதால், சிலவேளை அந்த வெட்டுக்கே காரணம் இல்லாமல் போகும். மலகூடக் குழியைத் திசைக்காக நகர்த்தும்போது அது அயல்வீட்டுக் கிணற்றை நெருங்கிவிடக் கூடாது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் கழிவுநீர் வெடிப்புகளூடாக விரைவாக ஓடும். பாதிக்கப்படும் அயலவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம்.

கட்டடக் கலைஞர்களுக்குச் சட்டப்படி பதிவு உண்டு. வாஸ்து, ஃபெங் சுயி ஆலோசகர்களுக்கு அப்படியொரு பதிவு இல்லை. அதனால் வாடிக்கையாளர் கையில் இருக்கக்கூடிய ஆயுதம் எழுத்துதான்: என்ன ஆலோசனை, எவ்வளவு கட்டணம், என்ன வாக்குறுதி என்று கையெழுத்தோடு வாங்க வேண்டும். பளிங்கு, பிரமிட், செருகியில் மாட்டும் மின்சேமிப்புப் பெட்டி போன்றவை வீட்டுப் பட்டியலைக் குறைக்கும் என்று விற்றால் அது பொய்யான வாக்குறுதி. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் ஏமாற்றும் விற்பனையைத் தடைசெய்கிறது. விசாரணையின் பின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் நட்டஈடு வழங்கவும் கட்டளையிட அதிகார சபைக்கு இயலும். 1977 என்ற எண்ணில் தகவல் சொல்லலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்த 3 மாதத்துக்குள் போக வேண்டும். மேசன்மாரோடும் ஒப்பந்தகாரரோடும் எழும் சிறுதொகைத் தகராறுகளை வழக்குக்கு முன் மத்தியஸ்த சபையில் தீர்க்கலாம். அனுமதி ஏன் தாமதிக்கிறது, ஏன் மறுக்கப்பட்டது என்று மாநகர சபையிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் சொல்லியாக வேண்டும்.

சூரிய மின்தகடு போடுவோர் விற்பனையாளரின் பழைய கணக்கை நம்பக் கூடாது. 2016இல் தொடங்கிய திட்டத்தில் ஓர் அலகுக்கு முதல் 7 ஆண்டு 22 ரூபாவும் அடுத்த 13 ஆண்டு 15.50 ரூபாவும் என்று இருந்தது. புதிய இணைப்புக்கு அன்றன்று நடைமுறையிலுள்ள விலையே பொருந்தும். கடன் எடுக்கும் முன் அதை மின்விநியோக நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனபோது, மின்கலமில்லாமல் வலையமைப்போடு மட்டும் இணைந்த கூரைத் தகடுகளும் நின்றன. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்ததால் தகடுகளை நிறுத்தி வைக்குமாறு உரிமையாளர்கள் கேட்கப்பட்டார்கள். மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டுமானால் மின்கலமும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் தேவை என்பதை விலைமனுவிலேயே எழுதச் சொல்ல வேண்டும். தகட்டை ஏறத்தாழ 10 பாகை சாய்வில் தெற்கு நோக்கி வைப்பதே இந்த அகலக்கோட்டுக்குப் பொருத்தம். உப்புக்காற்றுக்குத் தாங்கும் சட்டமும் ஆணிகளும் உத்தரவாதத்தில் அடங்குமா என்று கேட்டு, விடையைப் பற்றுச்சீட்டின் பின்புறத்திலாவது எழுதி வாங்க வேண்டும். பட்டியலில் திருத்தம் கேட்டு மின்விநியோக நிறுவன அலுவலகத்தில் பதில் கிடைக்காதவர்கள் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். முதலில் நிறுவனத்துக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதியை அதனோடு இணைக்க வேண்டும்.