ஊசி ஒன்றால் தழும்பு ஆறுமா?

முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கும் பொருட்டுச் சென்ற வாரம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குச் சென்றிருந்தோம். நம் ஊர்ப் பண்டங்கள் கிடைக்கும் அவ்விடத்தில் தமிழ்க் குரல் காதில் விழுவது புதுமையன்று. ஆனால் அன்று நம்மைத் திரும்பிப் பார்க்கச் செய்தது ஒரு வறட்டு இருமல். நாம் நெடுநாள் அறிந்த பெரியவர் ஒருவர் தூணைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்க நின்றிருந்தார். நுரையீரலில் தழும்பு விழுந்திருப்பதாக டாக்டர் கூறிவிட்டாராம்.

“நீங்கள் படித்தவராயிற்றே, இதைப் பாருங்கள்” என்று அச்சிட்ட தாள் ஒன்றை நீட்டினார். ஜீன் ஊசியால் தழும்பை அடியோடு போக்குவதாக அதில் கண்டிருந்தது. கட்டணமோ பல லட்சம். “ஊரில் உள்ள நிலத்தை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்” என்றார்.

அவருக்கு நாம் கூறியதை அன்பர்கள் யாவரும் அறிதல் நலம்.

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் ஓயாமல் புண்பட்டால், உடல் அப்புண்களை நாரால் மூடித் தைக்க முற்படுகிறது. அந்த நார் மிகுந்துவிட்டால் காற்றறைச் சுவர் தடித்துப் பிராணவாயு இரத்தத்தில் கலப்பது தடைப்படும். இதற்கு எதிராக, காற்றறையின் உள்தோலை மீண்டும் வளரச் செய்யும் இயற்கைப் பொருள்களும் உடலில் உண்டு. வளர்ச்சிக் காரணிகள் என்பன இவை. 1980களில் ஜப்பானில் கண்டறியப்பட்ட கல்லீரல் செல் வளர்ச்சிக் காரணி இவற்றுள் ஒன்று. பெயர் கல்லீரலுடையதாயினும் நுரையீரலுக்கும் துணை செய்வது. அதை ஊசியாக ஏற்றினால் விரைவில் கரைந்துபோகிறது. ஆகவே அதை உண்டாக்கும் ஜீனையே உட்செலுத்தி, நுரையீரலே அதைச் சுரக்கும்படி செய்யலாமே என்று விஞ்ஞானிகள் கருதினர். மருந்தால் நுரையீரல் புண்படுத்தப்பட்ட எலிகளில் இவ்வழியால் தழும்பு குறைந்தது உண்மையே.

எலி வேறு, மனிதர் வேறு. அவ்வெலிகளின் தழும்பு நாளடைவில் ஓரளவு தானே குறையும்; மனிதரின் தழும்பு அவ்வாறு குறைவது அரிது. சளியும் நோய் எதிர்ப்பாற்றலும் ஜீனைச் சுமந்து வருவதை வழியிலேயே தடுக்கின்றன. செல்லை வளர்ப்பது புற்றுநோய்ச் செல்லையும் வளர்த்துவிடக்கூடும் என்ற அச்சமும் உண்டு. கடுமையான நுரையீரல் பாதிப்புற்றவர்களுக்கு வேறொரு வளர்ச்சிக் காரணியைச் செலுத்திய ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. அதனால் பயன் விளையவில்லை. ஆகவே மனிதரின் நுரையீரல் தழும்புக்கென அனுமதி பெற்ற ஜீன் சிகிச்சை எதுவும் இன்று இல்லை. இன்று உள்ள பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்னும் மாத்திரைகள் தழும்பு பரவுவதை மெதுவாக்குமேயன்றி இருப்பதை அழிக்கமாட்டா.

எனவே இத்தகைய தாளைக் கண்டால் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இது ஆராய்ச்சியாயின், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இதன் பதிவெண் என்ன? ஆராய்ச்சிக்கு உட்படுபவரிடமே அதற்கான செலவை வாங்குவது முறையாகுமா? விடை வாராவிடின் பணப்பையைத் திறக்க வேண்டா.

பின் நாம் பெரியவரை ஒன்று கேட்டோம்: “வீட்டில் ஏர் கூலர் உண்டா? புறா வருமா?” கூலரின் புல்தட்டி மாற்றிப் பல கோடையாயிற்று என்றும், பால்கனியில் நாள்தோறும் புறாக்களுக்குத் தானியம் இடுவதாகவும் கூறினார். இந்திய நகரங்கள் 19-இல் 1,084 நோயாளிகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட பதிவேட்டில், இவ்வகை நுரையீரல் நோயாளிகளுள் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஒவ்வாமையால் வரும் அழற்சியே காணப்பட்டது. அவர்களிலும் பாதியளவினர் ஏர் கூலரின் காற்றில் இருந்தவர்கள். ஈரத் தட்டியின் பூஞ்சையும் பறவையின் எச்சமும் இறகுத் தூளும் இந்நோயை விளைவிக்க வல்லவை. காரணத்தை முன்னரே விலக்கினால் நோய் தணியவும் கூடும். பெரியவருக்கு வந்தது அதுதானா என்பதை மருத்துவரே கூற வேண்டும். ஆயினும் இச்செய்தியை மருத்துவரிடம் அவர் இதுவரை சொன்னதேயில்லை, அவரும் கேட்டதில்லையாம்!

மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் சப்தர்ஜங் மருத்துவமனையும் இருக்கின்றன. மறுநாளே சென்று யாவற்றையும் சொல்வதாக அவர் ஒப்புக்கொண்டார். நிலம் இன்னும் விற்கப்படவில்லை. கோடை வருமுன் நம் வீடுகளிலும் கூலரின் தட்டியை மாற்றிவிடுவோமாக.