செலினியமும் சர்க்கரை வியாதியும்

அமெரிக்காவின் கிழக்குப் பிராந்தியத்தில், மண்ணில் செலினியம் குறைவாயுள்ள இடங்களில், ஏற்கெனவே தோல் புற்றுநோய் கண்டிருந்த 1,312 பேரைத் திரட்டி, ஒரு பாதியினருக்கு நாள்தோறும் 200 மைக்ரோகிராம் செலினியம் அடங்கிய ஈஸ்ட் மாத்திரையும், மறு பாதியினருக்குத் தோற்றத்தில் அதையே ஒத்த வெறும் மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது வாய்த்தது என்பதை உண்பவரும் கொடுப்பவரும் அறியாதபடி 1983-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பரிசோதனை, நீரிழிவை ஆராயும் நோக்கத்துடன் ஏற்பட்டதன்று. செலினியம் தோல் புற்றுநோயைத் தடுக்குமா என்பதே அப்போது எழுந்த வினா. 1996-இல் முடிவு வெளியானபோது, அந்த நோய் சிறிதும் குறையவில்லை என்பது தெரிந்தது; ஆயினும் பிராஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் செலினியம் உண்டவர்களிடம் குறைந்து காணப்பட்டமையால், உலகெங்கும் பெரும் உற்சாகம் உண்டாயிற்று.

அந்த உற்சாகத்துக்குப் பின்னணியில் ஒரு சரித்திரம் உண்டு. 1817-இல் ஸ்வீடன் தேசத்து ரசாயன சாஸ்திரி பெர்ஸீலியஸ் கண்டறிந்த இத்தனிமம், நெடுங்காலம் விஷம் என்றே கருதப்பட்டது; தெற்கு டக்கோட்டா முதலிய மாகாணங்களில் மேய்ந்த குதிரைகளுக்குப் பிடரி மயிர் உதிர்ந்து குளம்பு கழன்றதற்கு, மண்ணிலிருந்து புல்லில் ஏறிய செலினியமே காரணம் என்று 1930-களில் நிரூபணமாயிற்று. பின்னர், 1957-இல் கிளாஸ் ஷ்வார்ட்ஸ் என்பவர், இது அணுவளவும் இல்லாவிடில் எலியின் ஈரல் கெட்டழிகிறது என்று காட்டினார். சீனத்தில் குழந்தைகளையும் பிள்ளை பெறும் வயதுடைய ஸ்திரீகளையும் பீடித்த, கெஷான் பிரதேசத்தின் பெயர் பெற்ற கொடிய இருதய நோய், செலினியம் கொடுத்ததும் வெகுவாகத் தணிந்தது. இத்தகைய பெருமை பெற்ற பொருள், உயிரணுக்களை அரிக்கும் ஆக்ஸிஜன் கழிவுகளை மாற்றும் புரதங்களுக்கு உறுப்பாக விளங்குவதால், அது நீரிழிவையும் தடுக்கும் என்று ஆராய்ச்சியாளர் எதிர்பார்த்ததில் நியாயம் இருந்தது. செலினேட் என்னும் உப்பு எலிகளிடம் இன்சுலினைப் போலவே வேலை செய்கிறது என்பதையும் அதற்கு முன்பே ஆய்வாளர் கண்டிருந்தனர்.

ஆகவே 2007-இல், அமெரிக்கப் பரிசோதனையில் பங்குகொண்டவர்களுள் ஆரம்பத்தில் நீரிழிவு இல்லாதிருந்த 1,202 பேரின் குறிப்புகளை மீண்டும் எடுத்துப் புரட்டிய ஆராய்ச்சியாளருக்கு நேர்ந்தது ஏமாற்றம். ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில், வெறும் மாத்திரை உண்ட 602 பேரில் 39 பேருக்கு இரண்டாம் வகை நீரிழிவு கண்டிருக்க, செலினியம் உண்ட 600 பேரில் 58 பேருக்குக் கண்டிருந்தது. இன்னும் உன்னிப்பாக நோக்கியபோது, ஆரம்பத்திலேயே யாருடைய இரத்தத்தில் செலினியம் நிறைந்திருந்ததோ, அந்த மேல் மூன்றிலொரு பங்கினரிடமே இந்த அபாயம் மிகுந்து, ஏறக்குறைய 2.7 மடங்காக உயர்ந்திருந்தது. குறைவில்லாதவர்க்கு மேலும் கொடுத்ததே தீங்காயிற்று என்பதுதான் இந்த எண்கள் சொல்லும் செய்தி.

இதன் உட்காரணம் மிகவும் சுவாரசியமானது. இன்சுலின் உயிரணுவின் வாயிலை வந்து தட்டும்போது, உள்ளே ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஒரு கணம் சிறிதளவு தோன்றுகிறது. அந்தச் சிறு கிளர்ச்சிதான் இன்சுலினின் கட்டளையை அடக்கும் நொதிகளைச் சற்றே ஓயவைத்து, கட்டளை உள்ளே பரவ வழிவிடுகிறது. செலினியம் கலந்த குளூட்டத்தயோன் பெராக்ஸிடேஸ் என்னும் நொதியோ, அந்தப் பெராக்ஸைடைத் தேடித் தேடி அழிக்கும் சுபாவமுடையது. வீடு பற்றிக்கொள்ளுமோ என்று அஞ்சி அடுப்பையும் சேர்த்து அணைத்துவிட்டால் உலையரிசி எங்ஙனம் வேகும்? இந்த நொதி மிகுதியாகச் சுரக்கும்படி வளர்க்கப்பெற்ற எலிகள், உடல் பருத்து, இன்சுலினுக்கு இணங்காத நிலையை அடைந்தன என்று 2004-இல் வெளிவந்த ஆராய்ச்சி தெரிவித்தது. 2010-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், ஈரலில் உண்டாகி இரத்தத்தில் செலினியத்தைச் சுமந்து திரியும் 'செலினோபுரதம் பி' என்பதும் இன்சுலினை எதிர்க்கிறது என்று கண்டனர்.

எதிர்ச் சாட்சியங்களையும் மறைக்கலாகாது. கால் நகத்தில் தங்கும் செலினியத்தை அளந்து அமெரிக்கத் தாதியர் முதலானோரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆராய்ச்சியில், அது கூடியிருந்தவர்களிடம் நீரிழிவு குறைந்தே காணப்பட்டது. 35,533 ஆண்களைக் கொண்டு நடைபெற்று, பயனில்லை என்று 2008-இல் நிறுத்தப்பட்ட பெரும் பரிசோதனையிலோ, செலினியம் உண்டவர்களிடம் தென்பட்ட மிகுதி மிகச் சிறியது, தற்செயலாகவும் இருக்கக்கூடியது. மேலும், சர்க்கரை மிகுந்த உடலே ஈரலைத் தூண்டிச் செலினோபுரதத்தைப் பெருக்குவதால், நோய் செலினியத்தை ஏற்றியதா, செலினியம் நோயைக் கொணர்ந்ததா என்பதை ஒரு முறை எடுத்த இரத்தத் துளியைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. செலினியமே நீரிழிவுக்கு மூலகாரணம் என்று கூறுவது மிகை; ஆனால், குறையில்லாத உடலுக்கு அதை மாத்திரையாகப் புகட்டினால் லாபம் உண்டு என்பதற்கு ஆதாரமில்லை என்று கூறுவதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை.

நம் நாட்டு மருந்துக் கடைகளில் சத்து மாத்திரை என்று விற்கப்படும் எத்தனையோ மாத்திரைப் பட்டைகளின் பின்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், துத்தநாகத்துக்கும் வைட்டமின்களுக்கும் நடுவே, பொடி எழுத்தில் செலினியத்தின் பெயரும், அருகே மைக்ரோகிராம் கணக்கும் அச்சாகியிருப்பதைக் காணலாம். நமது மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வயது வந்தோர்க்கு ஒரு நாளைக்குப் போதுமென்று கூறுவது 40 மைக்ரோகிராம். அமெரிக்க அளவு 55. மீன், முட்டை, மாமிசம், தானியங்கள், பருப்பு ஆகிய அன்றாட ஆகாரங்களில் இது அமைந்திருக்கிறது. மண்ணுக்கு மண் அளவு மாறும் என்பது மெய்யே. சர்க்கரை வியாதி என்று கேட்ட மாத்திரத்தில் மனம் கலங்கி, கையில் அகப்பட்ட சத்துக் குளிகைகளையெல்லாம் விழுங்கத் தலைப்படும் அன்பர்களுடைய பயத்தை நான் உணர்கிறேன். அவர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: அடுத்த முறை வைத்தியரைக் காணச் செல்லும்போது, நீரிழிவுக்கான மருந்துச் சீட்டுடன் அந்தப் பட்டையையும் எடுத்துச் சென்று, இது எனக்கு வேண்டியதுதானா என்று கேளுங்கள், குறைபாடு உண்டென்று அவர் கண்டு சொன்னாலன்றி, செலினியத்துக்காக ஒரு காசும் செலவிடாதீர்கள்.