திருத்தணியில் ஏன் ரூம் கிடைப்பதில்லை?

ஆடி பிறந்தால் போதும், சொந்தக்காரர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "கிருத்திகைக்கு வர்றோம், ஒரு ரூம் சொல்லி வைக்க முடியுமா?" முடியாது. அறுபடை வீடுகளில் ஒன்றான ஊரில் தங்க இடம் ஏன் இவ்வளவு கம்மி என்று கொஞ்ச நாளாக யோசித்துப் பார்த்ததில் கிடைத்தவை இவை.

முதல் காரணம் சென்னை. 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து அரக்கோணம் வழியாக மின்சார ரயிலே நேராக வந்துவிடுகிறது. 365 படி ஏற முடியாதவர்களுக்கு மலை மேல் வரை ரோடு இருக்கு. காலையில் வந்து மொட்டை போட்டு, தரிசனம் முடித்து, மதியம் கிளம்பினால் சாயங்காலம் வீடு. இல்லை என்றால் இப்படியே திருப்பதி. பழனிக்குப் போகிற சென்னைக்காரர் ஒரு ராத்திரி தங்கியே ஆகணும், இங்கே அந்த அவசியமே கிடையாது.

அதனால் சாதாரண நாளில் லாட்ஜ்கள் காத்து வாங்கும். ஆடிக் கிருத்திகைக்கு நிலைமை தலைகீழ். அசுவினி, பரணி, கிருத்திகை, அப்புறம் சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பம். அடுத்து டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழா. புது வருஷத்தில் வெள்ளைக்கார துரைகளுக்கு வாழ்த்துச் சொல்லப் போன ஜனங்களை, முதலில் முருகனைப் பார்க்கச் சொல்லி வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் நூறு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்து வைத்தது.

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது பழகின கணக்கு: சர்வர் வாங்குவது சராசரி லோடுக்கா, பீக் லோடுக்கா? கிளவுடில் என்றால் ஆறு நாளைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கலாம். கான்கிரீட் ரூமை அப்படி எடுக்க முடியாதே. இத்தாலியில் ரிமினி என்று ஒரு கடற்கரை ஊர், அங்கேயும் சீசன் வியாபாரம்தான். ஆனால் அவர்களுக்கு ஒரு முழுக் கோடை இருக்கு. அதில் சம்பாதித்துவிட்டு, குளிர்காலத்தில் மூடிவிடுகிற ஓட்டல்கள் நிறைய. நமக்கு இருப்பது சில ராத்திரிகள். அதை நம்பி யார் லாட்ஜ் கட்டுவார்கள்?

பழைய காலத்தில் இதற்கு விடை சத்திரம். அங்கே ரூம் கணக்கே கிடையாது. கூரை, தரை, கிணறு, அடுப்பு மூட்ட இடம். இருபது பேர் படுத்த கூடத்தில் திருவிழா அன்னைக்கு இருநூறு பேர் நெருக்கிப் படுத்துக்கொள்ளலாம். 1817ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் ஏழாவது ரெகுலேஷன் கோயில், பாலம், சத்திரம் எல்லாவற்றையும் சேர்த்தே ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது. பாலம் மாதிரி சத்திரமும் பொது வசதி! (எல்லா சத்திரமும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஜாதி பார்த்துத்தான் பல இடங்களில் உள்ளே விட்டார்கள். அதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேச வேண்டாம்.)

இன்னைக்குச் சென்னைப் பக்கம் சத்திரம் என்றாலே கல்யாண மண்டபம் என்றுதான் அர்த்தம். என் யோசனை இங்கேதான் வந்து நின்றது. ஆடியில் தமிழ்க் குடும்பங்களில் கல்யாணம் இல்லை. டிசம்பர் 31 மார்கழியில் வருகிறது, அப்பவும் இல்லை. ஊரே ரூமுக்கு அலைகிற இரண்டு சமயத்திலும் ஊரிலிருக்கும் மண்டபங்களுக்கு முகூர்த்தம் கிடையாது. எல்லை ஊர் என்பதால் ஒரு சிக்கல் உண்டு. தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடம் அமாவாசையோடு முடிந்து சிராவணம் பிறந்துவிடும், முகூர்த்தமும் தொடங்கிவிடும். எனவே கிருத்திகை ஆடி அமாவாசைக்குப் பிறகு வந்தால் சில மண்டபங்கள் பிசியாக இருக்கலாம். மார்கழியில் அந்தத் தொந்தரவும் இல்லை.

ரூம் கிடைக்காதவர்கள் இப்போது ரோட்டோரத்தில்தான் படுக்கிறார்கள். ஆம்பளைகள் எப்படியோ சமாளிப்பார்கள். விரதமிருந்து காவடி எடுத்து வரும் பெண்களுக்கும் வயசானவர்களுக்கும் விடியற்காலையில் குளிக்க, துணி மாற்ற, கழிப்பறைக்குப் போக இடம் வேண்டாமா? அவர்களுக்கு முதல் தேவை மூடிய கதவும் தண்ணீரும். ஏசியும் கட்டிலும் அப்புறம்தான்.

இரண்டு பேராக வந்தால் இந்து சமய அறநிலையத் துறை இணையதளத்தில் தேவஸ்தான அறைக்கு முயற்சி பண்ணுங்க, இல்லாவிட்டால் அரக்கோணத்தில் தங்குங்க. இருபது பேருக்கு மேல் என்றால் நேராக மண்டபத்து மேனேஜரைக் கேளுங்க. வாடகையை அப்புறம் பேசலாம். எத்தனை கழிப்பறை, அதில் பெண்களுக்கு எத்தனை, தண்ணி போரிலிருந்து வருதா லாரியிலா, ராத்திரி கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க, இதையெல்லாம் முதலில் கேட்டுக்கணும்.