அலமாரிக் கதவும் ஒரு மின்திருப்புளியும்

வீட்டு அலமாரியின் கதவு ஒன்று தொங்கிவிட்டால், தச்சரைத் தேடி நீங்கள் எத்தனை நாள் அலைந்திருப்பீர்கள்? வில்லியனூரை அடுத்த ஒதியம்பட்டில், எங்கள் சமையலறை அலமாரிக்கு ஆறு கதவுகள். மழையில் ஊறியும் கோடையில் உலர்ந்தும் கீல்களெல்லாம் தளர்ந்துவிட்டன. கதவுக்கு இரண்டு கீல், கீலுக்கு நான்கு திருகாணி. ஆக 48 திருகாணிகள். இச்சில்லறை வேலைக்கு வரத் தச்சர் எவரும் இசையவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வந்து போவதிலேயே அரைநாள் கூலி கரைந்துவிடும். நானே திருப்புளியை எடுத்தேன். மூன்றாவது கதவிலேயே மணிக்கட்டு வீங்கிவிட்டது. சாக்பீஸ் பிடித்துப் பழகிய கையல்லவா!

மின்திருப்புளி வாங்கச் சென்ற நான் முதலில் ஏமாந்தேன். பெட்டி நிறையப் பளபளக்கும் முனைகள், மலிவான விலை. வீட்டிற்கு வந்து தேக்குச் சட்டத்தில் வைத்து அழுத்தியதும் மோட்டார் முனகி நின்றது. முனையோ மெழுகுபோல் மழுங்கியது.

ஆகவே, பெட்டியில் எத்தனை முனைகள் என்று எண்ணாதீர்கள். திருகுவிசை எவ்வளவு என்று கேளுங்கள். அது நியூட்டன் மீட்டர் என்னும் அளவில் அச்சிடப்பட்டிருக்கும். 3.6 வோல்ட் கருவியில் நான்கு, ஐந்து என்றிருந்தால் கீல், கைப்பிடி, திரைச்சீலைத் தாங்கி ஆகியவற்றிற்குப் போதும். கனத்த மரத்தில் நீண்ட திருகாணியை இறக்க வேண்டுமாயின் 12 வோல்ட் கருவியே ஏற்றது. எதுவாயினும், கெட்டி மரத்தில் முதலில் சிறு துளையிட்டு, திருகாணியின் புரியில் சற்றுச் சோப்புத் தடவிக்கொள்ளுங்கள். சிறிய கருவியும் சிரமமின்றி வேலை செய்யும்.

அடுத்தது மின்கலம். பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் கம்பியில்லாத துளைக்கருவியை 1961இல் வெளியிட்டது. அக்காலத்து நிக்கல் காட்மியம் மின்கலம் சும்மா கிடந்தாலே மின்னேற்றத்தை இழந்துவிடும். 1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயான் மின்கலமோ பல மாதங்கள் தாங்கும். ஆண்டுக்கு நான்கு முறை மட்டுமே கருவியை எடுக்கும் நம்மைப் போன்றோருக்கு இது பெரிய வசதி.

விசையைக் கூட்டிக் குறைக்கும் எண் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வேண்டிய இறுக்கம் வந்ததும் 'டக் டக்'கென ஒலித்து அது நழுவிக்கொள்ளும். இல்லையேல், மரத்தூள் பலகையில் துளையே சிதைந்துவிடும். அவ்வாறு சிதைந்தால், மருந்து நீக்கிய தீக்குச்சியைப் பசை தடவிச் செருகி, காய்ந்தபின் மீண்டும் திருகலாம். நாம் 'ஸ்டார்' என்றழைக்கும் திருகாணிகளில் பெரும்பாலானவற்றிற்கு பி.எச். 2 என்னும் முனை பொருந்தும். மட்டமான முப்பது முனைகளைவிட நல்ல எஃகில் செய்த இரண்டு மேல்.

சுவரில் துளையிட மட்டும் இக்கருவியை நம்பாதீர்கள். என் தாயாருக்காகக் குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்த வேண்டியிருந்தது. அதற்குச் சுத்தியல் டிரில் தேவை. ஒரு நாள் வேலைக்காக அதை விலை கொடுத்து வாங்குவது வீண்விரயம். அண்டை வீட்டில் இரவல் பெற்றேன். திருக்குர்ஆனின் 107ஆம் அத்தியாயத்திற்குப் பெயராயமைந்த 'மாஊன்' என்னும் சொல்லுக்கு, வாளி, கோடரி போன்ற புழங்கு பொருட்களை இரவல் தருவது என்றும் விரிவுரையாளர்கள் பொருள் கூறுவர். அன்று அவ்விளக்கம் என் கையில் கனத்தது!

ஓடு துளைபடும் வரை சுத்தியல் இயக்கத்தை நிறுத்தி வைத்து, பிறகு அதை இயக்கிச் சுவரைத் துளைத்தேன். ராவல் பிளக்கைச் செருகி, கடைசிச் சுற்றுகளைக் கையாலேயே இறுக்கினேன். வயதானவர் தம் முழுப் பாரத்தையும் சாய்க்கும் கம்பியாயிற்றே! என் எடை முழுவதையும் அதில் தொங்கவிட்டுச் சோதித்த பிறகே தாயாரை அழைத்தேன். பிடித்துப் பார்த்தார்கள். "நன்றாகத்தான் இருக்கிறது; ஒரு விரற்கடை தாழ்த்தி வைத்திருக்கலாம்" என்றார்கள்.