வெள்ளமும் வெயிலும் மாற்றுத்திறனாளிகளும்

ஐப்பசி பிறக்குமுன் ஏரிக்கரையைச் சுற்றிப் பார்த்து, மதகு, கலங்கல் ஆகியவற்றின் நிலையறிந்து, வரத்துக் கால்வாயில் மண்டிய முட்புதர்களை அகற்றுவது நம் ஊர்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். கரையில் எந்த இடம் நலிந்தது என்பது ஊராருக்குத் தெரியும். அங்கே மணல் மூட்டைகளை முன்கூட்டியே அடுக்கி வைப்பார்கள். ஆனால், அவ்வேரி உடைத்துக்கொண்டால் எந்த வீட்டில் எவர் தாமாக எழுந்து வெளியேற இயலாதவர் என்னும் கணக்கு எத்தனை ஊராட்சிகளில் இருக்கின்றது? இவ்வினாவைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்பும் விவசாயப் பெருமக்கள் முன்பும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

செங்கல்பட்டு மாவட்டத்துக் கேளம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாயும் உப்பங்கழியும், அவற்றுக்கு அப்பால் கோவளத்துக் கடலும் உள்ளன. மற்றப் பக்கங்களில் தையூர் முதலிய ஏரிகள். வடக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீரும் ஒக்கியம் மடுவின் வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டு முகத்துவாரத்தை நோக்கியே வருகின்றது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டாலும் கடல் ஏற்றமாக இருந்தாலும் நீர் வடியத் தாமதமாகும். போதாக்குறைக்கு, நெல்லும் உப்பும் விளைந்த இடங்களை அடுத்தெல்லாம் இன்று அடுக்குமாடிகள் எழுந்துள்ளன.

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் காற்றில் கரியமிலவாயு பெருகிப் பூமி வெப்பமடைந்து வருவதை யாவரும் அறிவர். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகின்றது. ஆதலால் பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், பெய்யாதபோது காய்ந்து கருகுவதும் மிகுதியாகும் என எதிர்பார்க்க வேண்டியுள்ளது. எந்த ஒரு மழையையும் தனியே சுட்டி, இது பருவநிலை மாற்றத்தாலேயே வந்தது என்று சொல்லிவிட முடியாது. எனினும் எத்தகைய மழைக்கு நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதை 2015 ஆம் ஆண்டு காட்டிவிட்டது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கம், செம்மஞ்சேரிப் பகுதிகளை நீர் சூழ்ந்தது.

வெள்ளம் எல்லோரையும் ஒன்றுபோல் வருத்துவதில்லை. ஒலிபெருக்கியில் விடப்படும் எச்சரிக்கை செவித்திறன் அற்றவருக்கு எட்டாது. மின்சாரமும் நின்றுவிட்டால் கைச்சைகையையோ உதட்டசைவையோ காணவும் வெளிச்சமிராது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண் பயனுடையதே. ஆனால் அதில் பேசக் காதும் வாயும் வேண்டும். பார்வையற்றவர் நாள்தோறும் கோலூன்றிச் சென்ற பாதை முழங்கால் நீரில் மறைந்தவுடன் அவருக்கு அந்நிய நிலமாகிவிடுகின்றது. திறந்த சாக்கடையைக் கோல் காட்டாது. அறிவுசார் குறைபாடுடைய சிறுவன் பழகிய வீட்டைவிட்டு நகர மறுக்கலாம். அதைப் பிடிவாதமென்று எண்ணிப் பலவந்தமாகத் தூக்குவோர் அவனை மேலும் அச்சுறுத்திவிடுவர். மனநோய்க்கும் காக்காய்வலிப்புக்கும் மருந்து உண்போருக்கு இரண்டு நாள் மருந்து தவறுவதே ஓர் ஆபத்தாகும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர் நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ரப்பர் படகில் ஆளை ஏற்றும் அவசரத்தில், இடமில்லை என்று நாற்காலியை விட்டுவிடுவார்கள். உயிர் பிழைத்துவிட்டது என எல்லோரும் ஆறுதலடைவர். ஆனால் நாற்காலியின்றி முகாமில் இறக்கப்பட்டவர் அந்தக் கணம் முதல் ஒரு மூலையில் கிடப்பவராகிவிடுகின்றார். கழிப்பறைக்கு நான்கு படி ஏற வேண்டுமெனில், பிறரை அழைக்கக் கூசித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். அதனால் சிறுநீர்த் தொற்று வரும். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர் புரண்டு படுக்க வழியின்றி வெறுந்தரையில் கிடந்தால் சில நாட்களிலேயே படுக்கைப்புண் காணும். வெள்ளம் வடிந்து பல மாதங்கள் கடந்த பின்னும் அப்புண் ஆறாதிருக்கலாம். பழைய மாமல்லபுரம் சாலையோரத்து மாடிக் குடியிருப்புகளில் வசிப்போருக்கு வேறு வகைச் சங்கடம்: மின்சாரம் நின்றால் மின்தூக்கி நிற்கும், எட்டாம் மாடியில் நீர் ஏறாவிடினும் அவர் சிறைப்பட்டவரே.

வெயிலோ ஓசையின்றி வருவது. தண்டுவட முறிவுற்றவருக்கு முறிவுக்குக் கீழே வியர்வை சுரப்பது குன்றிவிடுவதால் உடல் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள இயலாது. மனநோய்க்குரிய மருந்துகளில் சிலவும் அவ்வாற்றலைக் குறைக்கின்றன. செயற்கைக் கால் அணிந்து வயலில் வேலை செய்வோருக்கு அதன் உறையில் வியர்வை தேங்கித் தோல் புண்ணாகும். நம் விவசாயிகளில் இத்தகையோர் குறைவல்லர்; கதிரடிக்கும் இயந்திரத்தில் கையை இழந்தவர் இல்லாத வட்டாரம் ஏது? தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வறட்சியில், 2019 கோடையில் நேர்ந்ததுபோலத் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடத்துடன் ஓட வேண்டி வந்தால், ஓட இயலாதவர் வீட்டுக் குடம் கடைசியில்தான் நிரம்பும்.

சட்டம் இதனைக் கருதாமலில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இன் 8 ஆம் பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்றும், அபாயத்தை அவர்களுக்கு உரிய முறையில் அறிவிக்க வேண்டும் என்றும் விதிக்கின்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 11,79,963 மாற்றுத்திறனாளிகள் கணக்கிடப்பட்டனர். ஆனால் 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த வகைகள் 2016 இல் 21 ஆக விரிந்தமையால், பழைய எண்ணிக்கையைக் கொண்டு இன்றைய தேவையை அளக்க முடியாது.

பட்டியல் இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு ஜப்பான் நாட்டின் அனுபவம் தக்க விடையாகும். 2011 மார்ச்சில் அங்கு நேர்ந்த பூகம்பத்திலும் ஆழிப்பேரலையிலும் மாற்றுத்திறனாளிகள் இறந்த விகிதம் ஏனையோரைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அதன்பின் 2013 இல், உதவி தேவைப்படுவோரின் பட்டியலைத் தயாரிப்பது ஒவ்வோர் உள்ளாட்சியின் கட்டாயக் கடமை எனச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவும் போதவில்லை. 2021 இல், ஒவ்வொருவரையும் யார், எவ்வழியே, எங்கே அழைத்துச் செல்வது என்னும் தனித்தனித் திட்டத்தைத் தீட்டவும் உள்ளாட்சிகள் முயலவேண்டும் என்று மீண்டும் திருத்தினார்கள். பட்டியல் பீரோவில் இருப்பது வேறு, பக்கத்து வீட்டுக்காரர் மனத்தில் இருப்பது வேறு என்பதை அவர்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றனர்.

ஆகவே, நம் ஊராட்சி செய்யத்தக்கது என்ன? வார்டு உறுப்பினரும் கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் வீடுவீடாகச் சென்று, எவருக்கு எவ்வகை உதவி தேவை என அவரிடமே கேட்டு எழுதவேண்டும். ‘கால் ஊனம்’ என்று எழுதுவதால் பயனில்லை. ‘இருவர் தூக்க வேண்டும், நாற்காலியும் உடன் வரவேண்டும், இந்த மாத்திரை இரவில் தேவை’ என்று எழுதினால் பயனுண்டு. ஒவ்வொருவருக்கும் அருகில் வசிக்கும் இருவரைத் துணையாகக் குறிக்க வேண்டும். ஒருவர் வெளியூர் சென்றிருக்கக்கூடும். இப்பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாகாது. மனநோயுற்றவர் பெயரும் தனித்து வாழும் பெண்ணின் பெயரும் ஊரார் கண்ணுக்குக் காட்சிப் பொருளல்ல.

முகாமாகப் பயன்படும் பள்ளிக்கூடத்தில் ஒரு கழிப்பறையையேனும் சீர்செய்வதற்குப் பெருஞ்செலவு பிடிக்காது. 90 சென்டிமீட்டர் அகலக் கதவு, ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம், சுவரில் ஒரு கைப்பிடிக் குழாய் ஆகியவை போதும். முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இயங்கி வருகின்றது. கேளம்பாக்கத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் இத்தகைய அமைப்புக்கு உதவி கோரிப் போகத் தயங்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் மாற்றுத்திறனாளிகளுக்காகப் பிறர் செய்யும் தருமமாகக் கருதிவிடுவோர் உளர். அது தவறு. எந்தத் தெருவில் நீர் முதலில் ஏறும், எந்தப் படியில் கால் இடறும் என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்? ஏரி மராமத்துக்கும் வடிகாலுக்கும் மதிப்பீடு தயாராகும்போதே அவர்கள் கூட்டத்தில் இருந்தால், கால்வாயின் குறுக்கே படியில்லாத பாலம் அமையும். தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றிய திருத்தம் ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் ஒரு மாற்றுத்திறனாளியை உறுப்பினராக நியமிக்க வகைசெய்தது. 12,000 க்கு மேற்பட்ட ஊராட்சிகளில் இவ்வாறு அமரும் உறுப்பினரிடம் வெள்ளத் தடுப்புப் பணியையே முதலில் ஒப்படைக்கலாம்.

பட்டியல் முடிந்ததும் புரட்டாசியில் ஒரு பிற்பகல் ஒத்திகை நடத்திப் பார்ப்பது நலம். நாற்காலியோடு ஒருவரை அவர் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை உண்மையாகவே அழைத்துச் சென்றால், எந்த வாசற்படி இடிக்கிறது, எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பவை தெரிந்துவிடும். அக்குறைகளை அக்டோபர் 2 ஆம் நாள் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றலாம். அடுத்த சபை நவம்பர் 1 ஆம் நாள்தான் கூடும். அதற்குள் மழை தொடங்கிவிடக்கூடும்.