பெயரிடலும் பேரேடும்

2014 மார்ச்சில் இஸ்தான்புல் நகரத்துச் சுவர்களில் ஓர் எண் முளைத்தது: 8.8.8.8. கோஷம் இல்லை, கட்சிச் சின்னம் இல்லை, வெறும் எண். துருக்கி அரசு அப்போது ட்விட்டரைத் தடை செய்திருந்தது. தடை செய்த விதம்தான் நமக்கு முக்கியம். ட்விட்டரின் சர்வரை யாரும் அணைக்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது வழி கேட்டால் சரியான வழியைச் சொல்லாதே என்று நாட்டிலிருந்த இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டார்கள். சுவரில் எழுதிய எண், பெயருக்கு வழி சொல்லும் கூகுள் சர்வருடையது. 'அவனைக் கேட்காதே, இவனைக் கேள்' என்பதுதான் அந்தச் சுவரெழுத்தின் அர்த்தம். சில நாட்களிலேயே அந்த எண்ணையும் அரசு மடக்கிவிட்டது.

குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இயற்கையான உறவு கிடையாது, சமூக ஒப்பந்தம்தான் இரண்டையும் கட்டி வைத்திருக்கிறது என்ற சசூரின் வாதம் நம் சிறுபத்திரிகைகளில் வேண்டிய மட்டும் பேசப்பட்டாயிற்று. நம் இலக்கணக்காரர்களும் இடுகுறிப்பெயர் என்று சொல்லி வைத்தார்கள். ஆனால் 'இட்டது யாரு?' என்று ரெண்டு தரப்பும் குடைந்து கேட்டதில்லை. கேட்டால் சமூகம், மரபு, முன்னோர் என்று மழுப்பலாகத்தான் பதில் வரும். இணையத்தில் இந்தக் கேள்விக்கு விலாசத்தோடு பதில் உண்டு.

கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று எண்களால்தான் கண்டுகொள்கின்றன. பெயர் மனுஷனுக்காக. ஆரம்பத்தில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் ஒரே ஒரு கோப்பாக இருந்தது. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் பட்டியலை மரமாக்கினார். ஒரு முகவரியை அந்த மரம் பின்னாலிருந்து படிக்கும். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற காம், ஆர்க், இன் போன்றவற்றுக்குப் பொறுப்பு யார் என்று முதலில் வேரிடம் கேட்க வேண்டும். வேர் கை காட்டுகிற இடத்துக்குப் போய் அடுத்த துண்டைக் கேட்க வேண்டும். கிளைகள் ஆயிரம் கைகளில் இருக்கலாம், வேர்ப்பட்டியல் ஒன்றுதான். டெல்யூஸ், கத்தாரியைத் துணைக்கு அழைத்து, இணையம் மரமல்ல, கிழங்கு, அதற்கு மையமே கிடையாது என்று கொண்டாடியவர்கள் இந்த ஆணிவேரைக் கண்டுகொள்ளவே இல்லை.

அந்த வேர் யார் கையில்? 1998 ஜனவரி 28 அன்று ஜான் போஸ்டல் ஒரு காரியம் செய்தார். இணையத்தின் பெயர்-எண் விவகாரங்களை ஆரம்பத்திலிருந்து கவனித்துவந்த ஆள். எட்டு வேர் சர்வர்களை நடத்தியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இனிமேல் பட்டியலை என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர்களும் கேட்டார்கள். சட்டமா ஒப்பந்தமா, ஒண்ணும் கிடையாது. அவர் பேச்சுக்கு இருந்த மரியாதை, அவ்வளவுதான். வாஷிங்டன் அதட்டியதும் 'அது சோதனை' என்று சொல்லிப் பழையபடி மாற்றிவிட்டார். அதே வருஷம் ஐகான் என்ற அமைப்பு உருவானது. அமெரிக்க வணிகத்துறையின் மேற்பார்வை 2016 அக்டோபர் 1 அன்றுதான் முழுசாக விலகியது.

கிளைகளில் நடக்கும் அதிகாரம் இன்னும் பச்சையானது. டஜாஸ்1 என்ற ஹிப்-ஹாப் இசைத் தளத்தின் பெயரை அமெரிக்க அரசு 2010 நவம்பரில் பறிமுதல் செய்தது. ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்து வைத்திருந்துவிட்டு, குற்றச்சாட்டு எதுவும் இல்லாமலே திருப்பித் தந்தது. 2017 செப்டம்பரில் காட்டலோனியாவின் சுதந்திர வாக்கெடுப்பு நெருங்கியபோது, காட்டலான் மொழிக்கென்று இருக்கும் .கேட் பெயர்களைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குள் ஸ்பானியப் போலீஸ் புகுந்தது. ஒரு மொழிக்காரர்களின் பெயர்ப்பதிவேடு இருக்கிற அறைக்குள் போலீஸ் நிற்கிற காட்சியை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பிளாக்செயின்காரர்களின் கோபத்தை வெறும் காசாசை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸூக்கோ வில்காக்ஸ் 2001இல் ஒரு புதிர் போட்டார். ஒரு பெயர் மனுஷன் நினைவில் நிற்கும்படி இருக்கணும். போலியாக யாரும் அபகரிக்க முடியாதபடி இருக்கணும். அதைக் காக்க ஒரு தலைமை இல்லாமலும் இருக்கணும். மூன்றில் எதையாவது இரண்டை எடுத்துக்கொள், மூன்றும் சேர்ந்து வராது என்றார். 2011 ஜனவரியில் ஆரன் ஸ்வார்ட்ஸ் வரும் என்றார். பிட்காயின் மாதிரி ஒரு பொதுப் பேரேடு வைத்துக்கொள்வோம். எல்லாரிடமும் ஒரே நகல், எழுதியதை அழிக்க முடியாது, ஒரு பெயரை யார் முதலில் எழுதுகிறாரோ அது அவருடையது, அவருடைய ரகசியச் சாவி இல்லாமல் யாரும் மாற்ற முடியாது. அதே வருஷம் ஏப்ரலில் நேம்காயின் வந்தது, .பிட் என்ற முடிவோடு. போலீஸ் புகுவதற்கு அறையே கிடையாது.

அப்புறம் என்ன நடந்தது? பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2015இல் எண்ணிப் பார்த்தார்கள். பதிவான பெயர்கள் சுமார் 1,20,000. அதில் உருப்படியாகப் பயன்பாட்டில் இருந்தவை 28. மிச்சமெல்லாம் பின்னால் விற்கலாம் என்று வளைத்துப் போட்டவை. புறம்போக்கில் முதலில் வேலி போட்டவனுக்கே பட்டா என்றால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. மையத்தை அகற்றினால் விளிம்பு தானாக விடுதலையாகிவிடும் என்று நாமும் ஒரு காலத்தில் எழுதித் தள்ளியிருக்கிறோம். காலியான இடத்தில் விளிம்பு வந்து உட்காரவில்லை, முந்திக்கொண்டவன் உட்கார்ந்தான். 2017இல் எத்தீரியம் மீது எழுந்த .ஈத் பெயர்கள் இதைச் சமாளிக்க வாடகை வைத்தன. ஐந்தெழுத்தும் அதற்கு மேலும் என்றால் வருஷத்துக்கு 5 டாலர், நாலெழுத்து 160, மூன்றெழுத்து 640. போலீஸுக்குப் பதில் விலைப்பட்டியல்.

ஆனால் விஷயத்தின் மையம் பணம் அல்ல. பேரேட்டில் எழுதிவிட்டால் பெயர் பெயராகிவிடுமா என்பதுதான் கேள்வி. அன்ஸ்டாப்பபிள் டொமைன்ஸ் என்ற நிறுவனம் – நிறுத்த முடியாதவை என்று அர்த்தம் – .காயின் என்ற முடிவோடு பெயர்கள் விற்றது. எமர்காயின் என்ற வேறொரு பிளாக்செயினில் 2014 முதலே .காயின் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. 2022 அக்டோபரில் நிறுவனம் தன் .காயினை நிறுத்திக்கொண்டது. பேரேட்டில் எழுதியது எழுதியபடியே இருந்தது. நிறுவனத்தின் மென்பொருள் அதைப் படிப்பதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். 2019இல் ஓப்பன்நிக் என்ற தன்னார்வலர் அமைப்பும் வைரஸ்காரர்களின் தொல்லையால் .பிட் பெயர்களைப் படிப்பதை விட்டுவிட்டது.

ஆக, பெயர் உயிரோடிருப்பது எழுதிய இடத்தில் அல்ல, கேட்கிறவன் காதில். பேரேடு 'அழியாது' என்று உத்தரவாதம் தரலாம். யாராவது படிப்பார்கள் என்பதற்கு அதனிடம் உத்தரவாதம் இல்லை. எந்தப் பேரேட்டை நம்புவது என்பதை இன்னொரு பேரேட்டில் எழுதி முடிவு செய்ய முடியாது. அதைப் பிரவுசர் செய்கிற நாலு கம்பெனிகள் முடிவு செய்கின்றன. சசூர் சொன்ன ஒப்பந்தத்தைக் கணக்கால் ஈடுகட்டப் பார்த்தார்கள். ஒப்பந்தம் பின்வாசல் வழியாக வந்துவிட்டது.

இதில் ஒரு கூத்தும் உண்டு. பெரும்பாலான பிரவுசர்கள் .ஈத் பெயரைப் படிக்காததால், ஈத்.லிங்க் என்ற வழக்கமான டொமைனைப் பாலமாக வைத்திருந்தார்கள். அதைப் புதுப்பிக்கும் உரிமை விர்ஜில் கிரிஃபித் என்ற ஒரே ஆளிடம் இருந்தது. வட கொரியா மீதான பொருளாதாரத் தடையை மீற உதவிய வழக்கில் 2022 ஏப்ரலில் அவருக்கு 63 மாதச் சிறை. பெயர் காலாவதியாகிக் கைமாறியது. அந்த செப்டம்பரில், தலைமையற்ற பெயர்களின் சங்கம் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான் அதை மீட்டது. .ஈத்தை ஐகானின் மரத்திலேயே சேர்த்துவிடலாம் என்றால் அதுவும் ஆகாது. மூன்றெழுத்து நாட்டுக் குறியீடுகளை அங்கே யாருக்கும் தருவதில்லை. ஈத் என்பது எத்தியோப்பியாவின் குறியீடு.

என் சிநேகிதர் ஒருத்தர் பத்து வருஷம் ஓர் இலக்கிய இணையப் பத்திரிகை நடத்தினார். ஆஸ்பத்திரியில் இருந்த மாதம் டொமைனைப் புதுப்பிக்க மறந்துபோனார். யாரோ எடுத்துக்கொண்டார்கள். பதிவு செய்த கம்பெனிக்கு எழுதினார், போன் பண்ணினார், கெஞ்சினார், கத்தினார். பிரயோஜனம் இல்லை. 'அதுக்குத்தான் பிளாக்செயின் பெயர். சில இடத்துல ஒரு தடவ வாங்கிட்டாப் போதும், புதுப்பிக்கவே வேண்டாம்' என்றார் ஒரு இளைஞர். சாவியைத் தொலைத்தால் என்ன செய்வது என்று சிநேகிதர் கேட்டார். ஒண்ணும் செய்ய முடியாதாம். பெயர் அங்கேயே அழியாமல் இருக்கும், யாருக்கும் சொந்தமில்லாமல். 'அப்போ யார்கிட்ட போய் சண்ட போடுறது?' என்றார் இவர்.

இப்போது பழைய பெயரின் நடுவில் ஒரு கோடு சேர்த்துப் புதுசாக ஒன்று பதிந்திருக்கிறார், வழக்கமான ஆர்க்கிலேயே. பழைய கட்டுரைகளில் பாதிதான் தேறியது. பழைய பெயரை அடித்தால் ரம்மி விளையாட்டு விளம்பரம் வருகிறது.